வைரலான விஷயங்களில் எதற்குப் பரிசு கொடுக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் விழாவில் "இந்த வருட வைரல்" என்று ஒரு பரிசு கொடுக்க நினைக்கிறார்கள். எதற்குக் கொடுப்பது, அதிகம் பேர் பார்த்ததற்கே கொடுத்துவிட்டால் என்ன, நடுவரெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அப்படிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது, பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது எல்லாம் உண்டு. பிரிண்ட் வெளியே வருவதற்குள் "அண்ணே, இதப் பாத்தீங்களா" என்று ஒரு வீடியோ காட்டாமல் இங்கே யாரும் போவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இளைஞர் மன்றத்துப் பையன்கள் என்னைப் பிடித்தார்கள். பொங்கல் விளையாட்டு விழாவில் உறியடி, கோலப்போட்டி, சாக்கு ஓட்டம் எல்லாம் முடிந்ததும் புதிதாக ஒரு பரிசு. சுற்றுவட்டாரத்தில் எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பையன்கள் ஷீல்டு என்றார்கள். ஷீல்டு பரணுக்குத்தான் போகும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்றால் வீட்டில் எரியும் என்று நான்தான் மாற்றினேன்.

முதல் வருடம் கணக்கு சுலபமாக இருந்தது. முள்ளியாற்றில் தண்ணீர் வந்த அன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறிப் பல்டி அடித்துக் குதித்தான் ஒரு பையன். லட்சக்கணக்கில் பார்த்திருந்தார்கள். விளக்கு அவனுக்குப் போனது, கைதட்டலும் பலம்.

அடுத்த ஜூன் கடைசியில் ஒரு அம்மா கடைக்கு வந்தார். மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டி இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். தண்ணீர் இன்னும் முழங்கால் அளவுகூட ஏறாத நாளில் அதே பாலத்திலிருந்து அவர் மகன் குதித்திருக்கிறான். கணுக்கால் முறிவு. காசை எண்ணி மேஜையில் வைத்துவிட்டு, "குத்துவௌக்கு குடுத்தீங்கள்ல தம்பி, அதான்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு உறைத்தது, பரிசு என்பது ஒரு விதை. இதற்குக் கொடுக்கிறோம் என்றால் அடுத்த வருடம் பத்துப் பேர் இதையே செய்வார்கள். அந்தப் பத்துப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க்காரனுக்கு இது புரிவது கஷ்டமில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். விநாடிக்கு இத்தனை கன அடி திறந்தார்கள் என்று மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். நாங்கள் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அந்தக் கன அடியைப் படித்துவிட்டு யாரும் நாற்று விடமாட்டோம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் தலைப்புக்குப் போய், மண்ணில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று காலை வைத்துப் பார்ப்போம். பார்வை எண்ணிக்கையும் அந்தக் கன அடி மாதிரிதான். எவ்வளவு திறந்தார்கள் என்று சொல்லும். யாருடைய வயலுக்குப் பாய்ந்தது என்று சொல்லாது.

கஜா புயல் சமயத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது, தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்தது. எங்கள் ஊர்ப் பெயர் போட்ட ஒரு படம் வாட்ஸ்அப்பில் பரவி, மெயின் ரோட்டு ஓரத்தில் லாரி லாரியாகத் தண்ணீர் பாட்டில் வந்து இறங்கியது. இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த தெருவுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் ஆள் போனார்கள். அந்தப் படமோ மூன்று வாரம் கழித்தும் "உடனே உதவுங்கள்" என்று சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வருடம் மூன்று நடுவர்கள். நான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா, மகளிர் குழுவிலிருந்து ஒரு அக்கா. அக்கா ஸ்மார்ட்போன் வைத்திருந்தாலும் பேச மட்டும்தான் பயன்படுத்துவார். அவர் எதற்கு என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பார்த்தால் தீர்ப்பு பாதி அவருடையது.

வந்ததில் அதிகம் பேர் பார்த்தது, குடித்துவிட்டு டீக்கடை வாசலில் மின்கம்பத்தோடு சண்டை போட்டவரின் வீடியோ. அதை மீம் ஆக்கி, பாட்டுப் போட்டு, எங்கெங்கோ போய்விட்டது. நாங்களே சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை. "பந்தல்ல முன்வரிசையில அவரு பொண்டாட்டி உக்காந்திருக்கும். மைக்குல என்னன்னு பேரு வாசிப்பீங்க?" என்று கேட்டார். அதோடு அது முடிந்தது.

அடுத்தது தஞ்சைப் பெரிய கோயில் வீடியோ. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் செய்தது. குரல் கணீரென்று இருந்தது, காட்சிகளும் அருமை. விஷயம் மட்டும் பழைய விஷயம், கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பது. ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது, இதற்கே கொடுக்கலாம் என்றார். எனக்குச் சந்தேகம். டோனர் வாங்கத் தஞ்சாவூர் போனவன், மார்கழி மாதம் சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலுக்குள் நுழைந்தேன். வடக்குப் பிராகாரத்தில் சண்டிகேசுவரர் சன்னதிக்கு அந்தப் பக்கம் நிழல் நீளமாகப் படுத்துக் கிடந்தது. அதில் ஒரு குடும்பம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 216 அடி உயரக் கட்டடம் வெயிலில் நின்றால் நிழல் எங்கே போகும்? போட்டோ எடுத்து ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "முப்பது வருஷமா கிளாஸ்ல சொல்லியிருக்கேன்யா" என்றார். பாவமாக இருந்தது. 1010இல் கட்டி முடித்து ஆயிரம் வருடம் தாண்டியும் நிமிர்ந்து நிற்பது போதாதென்று அதற்கு ஒரு பொய் வேறு தேவைப்படுகிறது பாருங்கள். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வருடா வருடம் சுற்றுமே, அதுவும் இதே ஜாதி. யுனெஸ்கோவே இல்லை என்று சொல்லிவிட்டது, ஃபார்வர்டு நிற்கவில்லை. பொய்யாக இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிடையாது என்பதில் பிறகு எங்களுக்குள் விவாதமே வரவில்லை.

கஷ்டமானது இன்னொன்று. யாருக்குக் கொடுப்பது? இதை விளக்க நேசமணியை விடச் சரியான ஆள் இல்லை. 2019 மே மாதக் கடைசியில், மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாட்களில், நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்பது ட்விட்டரில் டிரெண்டானது நினைவிருக்கும். பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு சிவில் இன்ஜினியரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்மாள் ஒருவர், பெயர் சுத்தியல், இதனால்தான் ஜமீன் பங்களாவில் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்று சாவகாசமாகப் பதில் போட்டார். அவர் இப்போது நலமா என்று இன்னொருவர் கேட்க, கதை கிளம்பிவிட்டது. இதில் பரிசு யாருக்கு? 2001இல் 'பிரண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக நடித்த வடிவேலுவுக்கா, பதில் போட்டவருக்கா, நலம் விசாரித்தவருக்கா? அந்தப் படமே 1999இல் வந்த மலையாளப் படத்திலிருந்து வந்தது, அங்கே அந்த வேடம் ஜெகதி ஸ்ரீகுமார். மீம்களுக்கு வரலாறு எழுதும் 'நோ யுவர் மீம்' தளம் 2008இலிருந்து இருக்கிறது. அங்கேயும் ஒரு மீமைச் சேர்த்தால் எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது என்பதைத்தான் முதலில் தோண்டுகிறார்கள். என் ஓட்டு, நலம் விசாரித்தவருக்கு. மடையைத் திறந்தது அவர்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியின் வீடியோ 2019இல் பரவியது. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே, யாரும் படம் பிடிக்காதபோதும், பாட்டி விறகடுப்பில் இட்லி அவித்துக்கொண்டுதான் இருந்தார். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா 2022 அன்னையர் தினத்தில் வீடு கட்டிக் கொடுத்தது பாட்டிக்கு. வீடியோ எடுத்தவருக்குக் கொடுத்திருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும்.

பெரிய அளவில் செய்பவர்கள் பிரிவு பிரித்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். 2024 மார்ச் 8 அன்று தில்லியில் மத்திய அரசு கொடுத்த தேசியப் படைப்பாளர் விருதில் 20 பிரிவுகள். கதைசொல்லிக்கு ஒன்று, அதை நம் கீர்த்திகா கோவிந்தசாமி வாங்கினார். சமையலுக்குத் தனியாக ஒன்று. எங்களால் 20 குத்துவிளக்கு வாங்க முடியாது.

அப்புறம் அவசரப்படக் கூடாது. 2014இல் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளும் சவால் வந்தபோது, தண்ணீருக்காக வருடா வருடம் வானத்தையும் கோர்ட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரனுக்கு எப்படி எரிந்திருக்கும்! அதே சமயம் ஹைதராபாத்தில் ஒரு பெண், தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஒரு வாளி அரிசியை இல்லாதவருக்குக் கொடுங்கள் என்று ஆரம்பித்தார். ஆஹா, இதுதான் நம்ம ஆள் என்று தோன்றியது. அன்று நான் நடுவராக இருந்திருந்தால் ஐஸ் வாளிக்கு முட்டை மார்க். பிறகுதான் படித்தேன், அந்தக் கூத்தால் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு வந்த பணம் 11.5 கோடி டாலர். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்த ஆராய்ச்சியில் 2016இல் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதனால் நாங்கள் ஒரு விதி வைத்தோம். வீடியோ வந்து ஒரு குறுவைக் காலமாவது, அதாவது 110 நாளாவது, ஆகியிருக்க வேண்டும். அதற்கப்புறமும் யாராவது அதைப் பற்றிப் பேசினால் பார்க்கலாம். முக்கால்வாசி வீடியோ இதிலேயே உதிர்ந்துவிட்டது.

இப்படி எல்லாம் சலித்த பிறகு மிஞ்சியது வாத்து வீடியோ.

அறுவடை முடிந்த வயலில் மேய்க்க வெளியூரிலிருந்து வாத்து ஓட்டி வருவார்கள். அப்படி ஒருவர் சாலையைக் கடக்கிறார். நீளக் கோலைக் குறுக்கே பிடித்தபடி நிற்கிறார், ஆயிரம் வாத்தாவது இருக்கும், தார்ச்சாலை முழுக்க வழிந்து போகிறது. மினி பஸ் நிற்கிறது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிடுகிறார். அதற்கப்புறம் வெறும் வாத்துச் சத்தம்தான். எல்லாம் போனதும் ஒரே ஒரு நொண்டி வாத்து மட்டும் நடுரோட்டில் நின்று பஸ்ஸை நிமிர்ந்து பார்க்கிறது. மேய்ப்பர் அதை விரட்டவில்லை, கோலை இறக்கவும் இல்லை. அது பொறுமையாகக் கடந்து போகிறது. பஸ்ஸில் இருந்த கல்லூரிப் பெண் எடுத்தது. பாலத்துப் பல்டிக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை.

ஆனால் நான்கு மாதம் கழித்தும் என் கடை வாசலில் சின்னப் பிள்ளைகள் வாத்து விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். குத்துக்காலிட்டுத் தத்தித் தத்திப் போக வேண்டும், ஒருவன் துடைப்பக் குச்சியை நீட்டிக்கொண்டு நிற்பான், ஒருவன் பஸ். பஸ் "டுர்ர்ர்" என்று வந்து சத்தத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் அவுட். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த வீடியோவைப் பார்க்கப் போனே கிடையாது. கடைமடை வரை வந்துவிட்டது என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.

எடுத்த பெண்ணுக்கா, மேய்ப்பருக்கா என்று நானும் ஐயாவும் வாதாடிக்கொண்டிருந்தோம். அக்கா, "டிரைவர் ஹாரன் அடிச்சிருந்தா இந்த வீடியோவே ஏது?" என்றார். கடைசியில் பெண்ணுக்கு ஒரு புத்தகம், டிரைவருக்கு மேடையில் ஒரு துண்டு, விளக்கு மேய்ப்பருக்கு என்று முடிவானது.

பொங்கலன்று பெண் வந்தார், டிரைவர் வந்தார். மேய்ப்பர் எந்த ஊர் என்றே யாருக்கும் தெரியவில்லை. விழுப்புரம் பக்கம் என்றார் ஒருவர், ஆந்திரா என்றார் இன்னொருவர். விளக்கை என் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். சம்பா அறுப்பு இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும். மினி பஸ் டிரைவரிடம், வாத்தைப் பார்த்தால் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன்.