கிண்டிலில் வாங்கிய நூல்களைக் கணினியில் படிக்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 74. ஆறு ஆண்டுகளாக அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலில் தமிழ் நூல்களை வாங்கிப் படித்து வந்தார். சென்ற மாதம் அது கை தவறி விழுந்ததில் திரை பாதி கறுத்துவிட்டது. அதில் சுமார் 60 நூல்கள் இருக்கின்றன. யூ.எஸ்.பி. கேபிள் மூலம் கணினியோடு இணைத்துக் கோப்புகளை நகலெடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் திறக்கவில்லை. எங்கள் தெருமுனைக் கணினிக் கடையில், எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக மாற்றித் தர 2,500 ரூபாயும் அமேசான் கணக்கின் கடவுச்சொல்லும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? கண்புரை அறுவைக்குப் பிறகு அப்பாவுக்குப் பெரிய எழுத்து தேவைப்படுகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கொடுக்க வேண்டாம். பணத்தைக் கொடுப்பது வீண். கடவுச்சொல்லைக் கொடுப்பது ஆபத்து. தங்கள் தந்தையார் வாங்கிய நூல்கள் உடைந்த கருவிக்குள் சிக்கிக் கிடக்கின்றன என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த நினைப்பை வைத்துத்தான் இத்தகைய கடைகளின் பிழைப்பே நடக்கிறது. நூல்கள் இருப்பது அவருடைய அமேசான் கணக்கில். கருவியில் இருந்தவை அவற்றின் படிகள் மட்டுமே. அதே கணக்கில் நுழைந்தால் வீட்டுக் கணினியிலேயே அவற்றைப் படிக்கலாம். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

முதலில் எளிய வழியைச் செய்து பாருங்கள். கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவாக இருந்தாலும் திறந்து, ரீட் டாட் அமேசான் டாட் இன் என்ற முகவரியை உங்கள் கையாலேயே தட்டச்சு செய்து, தந்தையாரின் கணக்கில் நுழையுங்கள். அட்டைப்படங்கள் அலமாரிபோல வரிசையாகத் தெரியும். ஒன்றைச் சொடுக்கினால் நூல் திறக்கும். பக்கத்தின் மேற்புறத்தில் பெரிய ‘ஏ’யும் சிறிய ‘ஏ’யும் சேர்ந்தாற்போல் ஒரு பொத்தான் இருக்கும், எழுத்தின் அளவு, பின்னணி நிறம் முதலியவற்றை அங்கே மாற்றலாம். வெள்ளைப் பின்னணியின் கூச்சம் கண்புரை அறுவை செய்துகொண்ட பலருக்கு ஒத்துவருவதில்லை. ஆகவே எழுத்தைப் பெரிதாக்கும்போதே பின்னணியை இளம்பழுப்பாக மாற்றிக் கொடுங்கள். இணையத் தொடர்பு இல்லாத நேரத்திலும் படிக்க வேண்டுமென்றால் கணினிக்கான கிண்டில் செயலியை நிறுவிக்கொள்ளலாம். அதை அமேசானின் தளம் காட்டும் இடத்திலிருந்தே இறக்குங்கள். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து வேண்டாம்.

இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறார்கள்: உள்ளே நுழைந்தால் அலமாரி காலியாக இருக்கும். நூல்கள் அழிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் நுழைந்த கணக்கு வேறாக இருக்கும். கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஒரு கணக்கு, மின்னஞ்சலைக் கொடுத்து இன்னொரு கணக்கு என்று இரண்டு வைத்திருப்பது நம் வீடுகளில் வெகு சாதாரணம்; துணிமணி வாங்கிய கணக்கில் நுழைந்துவிட்டு நூல்களைத் தேடுவார்கள். நூல் வாங்கியபோது எந்த மின்னஞ்சலுக்கு ரசீது வந்தது என்று தந்தையாரின் அஞ்சல்பெட்டியில் தேடினால் சரியான கணக்கு எது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் யாராவது அமெரிக்கத் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் முகவரியின் முடிவில் ‘இன்’ என்பதற்குப் பதிலாக ‘காம்’ என்று இட வேண்டும்.

60 நூல்களில் சில மட்டும் காணவில்லை என்றால், அவை கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் எடுத்தவையா என்று பாருங்கள். அவை நூலகத்தில் இரவல் பெற்றவை போன்றவை. சந்தா முடிந்ததும் திரும்பிப் போய்விடும். அவற்றை எந்தக் கடைக்காரரும் மீட்டுத் தர முடியாது.

இனி, நீங்கள் நகலெடுத்த கோப்புகள் ஏன் திறக்கவில்லை என்பதற்கு வருகிறேன். ஒரு சிறு சோதனை செய்தால் விளங்கும். நகலெடுத்துப் படிப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இலவச மின்னூல் ஒன்றை இபப் என்ற பொதுவான மின்னூல் வடிவில் இறக்கி, கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ‘இபப்’ என்பதை அழித்துவிட்டு ‘ஜிப்’ என்று எழுதித் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புறைகள் இருக்கும், ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு தனிக் கோப்பு, அட்டைப்படம் தனி, எழுத்துரு இணைத்திருந்தால் அதுவும் தனி. இணையப் பக்கங்களைக் கட்டி ஒரு பொட்டலமாக்கியதே மின்னூல் என்பது கண்ணெதிரே தெரியும். பூட்டிய இபப் நூலிலும் இதே சோதனையைச் செய்யலாம். பொட்டலம் பிரியும், ஆனால் அத்தியாயக் கோப்பைத் திறந்தால் அகர முதல எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பொருளற்ற குறிகளே நிரம்பியிருக்கும். கிண்டிலின் பொட்டல முறை வேறு. பூட்டின் தத்துவம் ஒன்றே. திறவுகோல் கணக்கோடும், அந்தக் கணக்கில் பதிவுசெய்த கருவியோடும் பிணைந்திருக்கிறது. எனவே கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் செல்வது, பூட்டிய பெட்டியைச் சாவியில்லாமல் தூக்கிச் செல்வதற்குச் சமம். பெயரின் வாலை மாற்றி எழுதினாலும் பூட்டு திறக்காது.

காணொளிகளைப் பார்த்துவிட்டு, “கணக்கிலிருந்து நூலைக் கணினிக்கு நேராக இறக்கலாமாமே” என்று கேட்டு எனக்கு இன்றும் கடிதங்கள் வருகின்றன. அந்த வசதி இருந்தது உண்மை. யூ.எஸ்.பி. வழி மாற்றுவதற்காக நூலைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் பொத்தானை 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு அமேசான் எடுத்துவிட்டது. அதற்கு முன் பதிவான காணொளிகள் இன்னும் உலவுகின்றன. இல்லாத பொத்தானைத் தேடி அலைந்து, கடைசியில் காணொளியின் கீழே இருக்கும் தொலைபேசி எண்ணை அழைப்பவர்கள் நிறையப் பேர்.

அந்த எண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேடுபொறியில் ‘கிண்டில் உதவி’ என்று தேடினால், அமேசானின் சின்னத்தையே போட்டுக்கொண்டு போலித் தளங்கள் வருகின்றன. அழைத்தால் மிகப் பணிவாகப் பேசுவார்கள். தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். நிறுவி, அதில் தெரியும் எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்த கணமே உங்கள் கணினித் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார்கள். கிண்டில் கருவியையோ செயலியையோ கணக்கில் பதிவுசெய்வதற்கு அமேசான் கட்டணம் வாங்குவதே இல்லை. எனவே கட்டணம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

தெருமுனைக் கடை இந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கிடைக்கப்போவது என்ன? ஓர் ஓய்வுபெற்ற அலுவலர் இதேபோல் ஒரு கடையில் மாற்றி வாங்கிய பி.டி.எஃப். கோப்புகளை என்னிடம் கொண்டுவந்தார். கிண்டில் செயலியில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, திரையைப் படம் பிடித்து, படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. இடமும் வலமுமாக நகர்த்தி நகர்த்தித்தான் ஒரு வாக்கியத்தையே முடிக்க முடிந்தது. சொல்லைத் தேடவும் முடியவில்லை. ஒரு நூலில் நாற்பது பக்கங்களுக்குமேல் விடுபட்டிருந்தன. பெரிய எழுத்துக்காகத்தான் நீங்கள் இவ்வளவும் செய்கிறீர்கள். அதைக் கெடுப்பதற்கு 2,500 ரூபாயா?

கடவுச்சொல்லின் கதை இதைவிட மோசம். அந்த ஒரு சொல்லில் நூல்களோடு வீட்டு முகவரி, சேமித்து வைத்த அட்டை விவரம், இதுவரை வாங்கிய பொருள்களின் பட்டியல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. “ஓ.டி.பி. வரும், அதை மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சொல்லாதீர்கள். உடைந்த கருவியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதாக இருந்தால், கணக்கில் உள்ள சாதனங்களின் பட்டியலில் அதைத் தேர்ந்து பதிவை நீக்கிவிட்டுக் கொடுங்கள். திரைப்பூட்டு போடாத கருவியில் யார் வேண்டுமானாலும் உங்கள் செலவில் நூல் வாங்கிவிடக்கூடும்.

பூட்டை உடைத்துத் தருகிறோம் என்பவர்கள் சட்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத ஒரு நோக்கத்துக்காக உடைக்கப்படும்போது அதற்கு உதவுபவரும், யாருக்காக, எதற்காகச் செய்தார் என்பதைப் பெயர், முகவரியோடு முழுமையாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அப்படியொரு பதிவேட்டை எந்தக் கணினிக் கடையிலும் நான் கண்டதில்லை.

இந்தச் சட்டம் தரும் விலக்குகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தங்கள் தந்தையாருக்கு நாளை தேவைப்படக்கூடும். அதே 2012 திருத்தத்தில் 52ஆம் பிரிவில் சேர்ந்த ஓர் உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகள் ஒரு படைப்பை அணுகுவதற்காக அதை அவர்களுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது. பார்வை குன்றியவருக்காக ஒரு நூலை ஒலியாகவோ, பேரெழுத்துப் படியாகவோ, பிரெய்லாகவோ மாற்றுவது இதில் அடங்கும். அவருடைய சொந்தப் பயன், கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்காக அவருக்கு உதவும் எவரும் இதைச் செய்யலாம். அவர்களுக்காகப் பணிபுரியும் அமைப்புகளும், வழக்கமான வடிவில் அவர்களால் படிக்க இயலாதபோது, செய்யலாம். ஆனால் லாபம் பார்க்கக் கூடாது. ஆக்கச் செலவை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலாவதாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியா என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். அறுவைக்குப் பின் பெரிய எழுத்தில் படிக்க முடிகிற ஒருவருக்குச் செயலியே போதும். இந்த விலக்கைத் தேட வேண்டியதில்லை. அதுவும் இயலாத நிலை வந்தால், என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை நிறுவுங்கள். அது கணினிக்கான கிண்டில் செயலியோடு இணைந்து வேலை செய்யும், தமிழையும் வாசிக்கும். குரல் சற்று இயந்திரத்தனமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். பார்வைக் குறையுடையோருக்காக 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் உறுப்பினராகவும் சேரலாம். “அப்பாவுக்குக் கண் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், எதையும் உடைக்கலாம்” என்று கடைக்காரர் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். லாபம் வாங்குபவருக்கு இந்த விலக்கு பொருந்தாது.

பூட்டில்லாத தமிழ் நூல்களுக்கு இத்தனை பாடும் இல்லை. தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாக்கித் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், இலவசத் தமிழ் மின்னூல் தளங்களிலும் இறக்குபவற்றைக் காலிபர் என்ற இலவச மென்பொருளில் திறந்து படிக்கலாம். ஆறு அங்குல பி.டி.எஃப். என்று குறித்திருப்பது கிண்டில் போன்ற சிறு திரைக்கானது. கணினிக்கு இபப் வடிவையே எடுங்கள். பி.டி.எஃப். நூலை நீங்களே இபப் ஆக மாற்ற முயன்றால், குறிப்பாகப் பழைய எழுத்துருக்களில் அமைந்தவற்றில், கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து ‘கொடி’ என்பது ‘ெ காடி’ என்று நிற்கும். 500 ரூபாய்க்கு ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் என்று டெலிகிராமில் விற்கும் பென்டிரைவ்களில் இருப்பவை பெரும்பாலும் இந்த இலவச நூல்களும், வாழும் எழுத்தாளர்களிடமிருந்து திருடியவையும்தான்.

பல ஆண்டுகள் மின்னூல் ஆக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று எனக்கு ஆறாத மனக்குறை. பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதிவிட்டு, நிபந்தனைகளில் படிக்கும் உரிமத்தை மட்டும் தருகிறார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, நூல்கள் போய்விட்டன. நம் பதிப்பாளர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர்: கிண்டிலில் நூலை ஏற்றும்போது பூட்டு வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் யோசிக்காமலேயே ‘வேண்டும்’ என்று குறித்துவிடுகிறார்கள். திருடன் எப்படியும் படமெடுத்துவிடுகிறான். காசு கொடுத்து வாங்கிய 74 வயது ஆசிரியர்தான் அல்லற்படுகிறார்.

கடையில் விசாரித்தபோதே கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் இன்றிரவே அதை மாற்றி, கடவுச்சொல்லோடு ஓ.டி.பி.யும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். கணக்கில் பதிவான சாதனங்களின் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள். பிறகு தந்தையாரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் படித்துக்கொண்டிருந்த நூலைத் திறந்து, எந்த அளவு எழுத்து வசதி என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.