தலைமையகம் வெளிநாட்டில், கண்காணிப்பு யாரிடம்?

கேள்வி: கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 40,000 சிங்கப்பூர் வெள்ளியைப் பங்குகளில் போடுவதற்காக, கைப்பேசிச் செயலி வழியே இயங்கும் ஒரு தரகு நிறுவனத்தில் கணக்குத் திறக்க எண்ணியுள்ளேன். அதன் முதலாளிகள் வெளிநாட்டவர் என்று தேக்கா நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். இத்தகைய நிறுவனத்தையும் அதன் ஆலோசகரையும் நம் அரசாங்கம் கண்காணிக்கிறதா?
– ஈசூன் வாசகர்

பதில்: நீங்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனம் இங்கு உரிமம் பெற்றிருந்தால், கண்காணிக்கிறது. தரகர்கள் பங்குப் பத்திரங்கள், முன்பேர வணிகச் சட்டத்துக்கும், ஆலோசகர்கள் பெரும்பாலும் நிதி ஆலோசகர் சட்டத்துக்கும் உட்பட்டவர்கள். 2001ஆம் ஆண்டின் இவ்விரு சட்டங்களையும் நடைமுறைப்படுத்துவது சிங்கப்பூர் நாணய ஆணையம். முதலாளி வெளிநாட்டவர் என்பது உரிமத்துக்குத் தடையாகாது. எனினும், உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு அல்லது வாக்குரிமை பெற்று அதைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவர விரும்புவோர், எந்நாட்டவராயினும், ஆணையத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

உங்கள் நண்பர்கள் முதலாளியின் நாட்டைப் பார்க்கிறார்கள். நான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். செயலியின் முகப்பில் ஒரே பெயரும் சின்னமும்தான் இருக்கும். ஆனால் பொடி எழுத்தில், "இந்தக் கணக்கு இன்ன நிறுவனத்துடன் திறக்கப்படுகிறது" என்ற வரியில், இங்குள்ள துணை நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, எங்கோ ஒரு தீவில் பதிவான கிளையின் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்தப் பெயரை, எழுத்துக்கு எழுத்து, ஆணைய இணையத்தளத்தின் நிதி நிறுவனக் கையேட்டில் தேடுங்கள். என்னென்ன சேவைகளுக்கு உரிமம் உள்ளது என்பதும் அங்கேயே தெரியும். உரிமம் பெற்றதாகத் தவறாக நம்பப்படக்கூடிய நிறுவனங்களை ஆணையம் அடையாளம் காட்டும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும் நற்சான்றாகக் கொள்ளாதீர்கள். வெளிநாட்டுக் கிளையுடன் ஒப்பந்தம் செய்திருந்தால், நம் சட்டம் கடல் கடந்தும் பாயக்கூடும் என்றாலும், பணத்தை மீட்கும் அலைச்சல் உங்களுடையதே.

இங்கு உரிமம் பெற்ற தரகர், வாடிக்கையாளர் பணத்தைத் தம் பணத்துடன் கலக்காமல் பொறுப்பாண்மைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இந்த விதியின் அருமையை 2011 அக்டோபர் 31 அன்று உணர்ந்தோம். அமெரிக்கத் தரகு நிறுவனமான எம்எஃப் குளோபல் அன்று திவால் பாதுகாப்புக் கோரியது. அங்கு வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 160 கோடி அமெரிக்க டாலர் குறைந்திருந்தது. அதன் சிங்கப்பூர்த் துணை நிறுவனமும் கலைப்புக்குச் சென்றது. பணத்தைத் தனியே வைத்திருப்பது அதைக் காக்கும். ஆனால் தாய் நிறுவனம் சாய்ந்தால், கலைப்பாளர் கணக்குப் பார்த்துத் தரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். வங்கி வைப்புகளுக்கு 1,00,000 வெள்ளிவரை உள்ள காப்புறுதி, தரகரிடம் வாங்கிய பங்குகளுக்குப் பொருந்தாது.

இன்னொன்று: சிங்கப்பூர்ப் பங்குகளை உங்கள் பெயரிலேயே மத்திய வைப்பகமான சிடிபி கணக்கில் வைத்திருக்கலாம். செயலித் தரகர்கள் பலர், வாடிக்கையாளரின் பங்குகளை வைத்துக் காக்கும் தங்கள் காப்பக நிறுவனத்தின் பெயரில் வைப்பதால், கட்டணம் குறையும். பதிவேட்டில் உங்கள் பெயரும் இராது. கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் அவசரம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு.

ஆலோசகரைப் பொறுத்தவரை, அவருடைய பெயரை ஆணையத்தின் பிரதிநிதிகள் பதிவேட்டில் தேடுங்கள். எந்த நிறுவனத்தின் சார்பில், எவ்வகை ஆலோசனை தர அவர் அனுமதிக்கப்பட்டுள்ளார் என்பது அதில் இருக்கும். "நான் தலைமையகத்து ஆள், இங்கே பதிவு தேவையில்லை" என்று அவர் சொன்னால், 40,000 வெள்ளியை அனுப்புவதற்கு முன் ஆணையத்திடமே கேட்டுவிடுங்கள்.