தண்ணீரைப் பங்கிட்டுக் காக்க ஊரின் பொது நெறிகள் உதவுமா?

சட்டமும் பொறியியலும் இருக்கும்போது ஊர் நெறிகளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவைப் பாருங்கள்.

அங்கே நெல் விவசாயிகளின் பாசன அமைப்புக்கு 'சுபக்' என்று பெயர். மனிதர், இயற்கை, தெய்வம் மூன்றும் இசைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. எப்போது நடுவது, எப்போது வயலை ஓய்வாக விடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்கிறார்கள்.

மேல்மடைக்காரர் கடைமடைக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும்? விடாவிட்டால் கடைமடையில் நடவு தள்ளிப்போகும். வயல்கள் வெவ்வேறு பருவத்தில் நிற்கும். ஒரு வயலில் அறுவடை முடிந்ததும் பூச்சி அடுத்த வயலுக்குத் தாவும். அந்த நஷ்டம் மேல்மடையையும் விடாது. எல்லாரும் சேர்ந்து நட்டுச் சேர்ந்து அறுத்தால் பூச்சிக்கு இரை அற்றுப்போகும்.

1970களில் பசுமைப் புரட்சியின் பெயரால் இந்த ஒழுங்கைக் கைவிட்டு, முடிந்தவரை அடிக்கடி நடும்படி விவசாயிகளை வற்புறுத்தினார்கள். தண்ணீர்ப் பங்கீடு குலைந்தது. புகையான் பூச்சி பெருகி விளைச்சலை அழித்தது. பழைய முறைக்குத் திரும்பிய பிறகே நிலைமை சீரடைந்தது.

பக்தி மட்டுமே இதைத் தாங்கி நிற்கிறது என்று நினைப்பது தவறு. வாய்க்கால் வேலைக்கு வராதவருக்குச் சுபக் அபராதமும் விதிக்கிறது.