இடது ஜன்னலா, வலது ஜன்னலா?

கேள்வி: அண்ணாச்சி, அடுத்த மாதம் கொல்லத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மாமனார், எட்டு வயது மகன், நான் மூவரும் ரயிலில் புனலூர் – செங்கோட்டை மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டே வர ஆசை. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது?
– ஒரு வாசகி, கடையநல்லூர்

பதில்: பக்கத்தை அப்புறம் பார்ப்போம் தங்கச்சி, முதலில் வண்டியைப் பார். பாலருவி எக்ஸ்பிரஸ் என்று பெயரைக் கேட்டதும் ஏறிவிடாதே. பாலருவி இருக்கிற ஆரியங்காவை அது தாண்டுவதே ராத்திரியில்தான். சென்னையிலிருந்து வருகிற கொல்லம் மெயிலும் இருட்டில்தான் மலையேறும். அதே மெயில் கொல்லத்திலிருந்து திரும்பும்போது மத்தியானம் புறப்படுகிறது. மலை முழுக்க வெளிச்சம். உங்கள் ஊரிலும் நிற்கும்.

ஏ.சி. வேண்டாம். ஒருதரம் வேறொரு ஊருக்குப் பெருமைக்கு ஏ.சி.யில் போனேன். உப்புத்தண்ணீர்க் கறை படிந்த கண்ணாடி வழியாக வழி நெடுக மூடுபனியைத்தான் பார்த்தேன். வெளியே சுள்ளென்று வெயில்!

ஸ்லீப்பரில் சைடு லோயர், சைடு அப்பர் இரண்டும் சேர்ந்து கிடைத்தால் விட்டுவிடாதே. பகலில் லோயரைப் பிரித்துப் போட்டால், ஒரே ஜன்னலோரம் எதிரெதிரே இரண்டு இருக்கை. அதில் தாத்தாவும் பேரனும். மூன்றாவது டிக்கெட் எதிர்ப்பக்கம் லோயராக இருந்தால் அந்த ஜன்னல் உனக்கு. பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மலையும் பள்ளமும் மாறி மாறி வரும். நல்லதாக ஏதாவது தெரிந்தால் இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கத்துக்கு ஒரு சத்தம் கொடுத்தால் போதும். பையனைப் பின்பக்கம் பார்த்து உட்கார வை. ஏற்றத்துக்காகப் புனலூரில் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டுவார்கள். வளைவில் அது தள்ளிக்கொண்டு வருவதைப் பார்ப்பான்.

எங்கப்பா உங்கள் ஊர்த் துண்டுகளை மூட்டை கட்டிப் புனலூருக்குக் கொண்டுபோவார். மீட்டர் கேஜ் காலம். பள்ளிக்கூட லீவில் நானும் மூட்டை மேல் உட்கார்ந்து போவேன். இத்தனை வருஷம் போய் வந்தும் ரயிலுக்குள்ளிருந்து பதிமூணு கண் பாலத்தின் ஒரு கண்ணைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை! அதன் மேலேயே போகிறவனுக்கு எப்படித் தெரியும்? 1904-ல் ரயில் விட்ட காலத்துக் கருங்கல் வேலை அது. கழுதுருட்டியில் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். அதனால் கல்யாணத்துக்குப் போகும்போது செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போங்கள், ரயிலை வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குக் கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுமென்றால் ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

ஆரியங்காவு தாண்டியதும் மலையைக் குடைந்து ரயிலுக்காகப் போட்ட பெரிய குகை வரும். அதற்குள் நுழையும் முன் பையன் கையைக் கம்பிக்கு உள்ளே இழுத்துவிடு, வாசல் பக்கம் விடாதே. மற்றபடி அவன் 'ஊ'வென்று கத்துவான், கத்தட்டும். பெட்டியே கத்தும். வெளிச்சத்துக்கு வந்தால் பகவதிபுரம், நம்ம பக்கத்துக் காற்று.