வீட்டாவுக்குத் தனி மெமரி கார்டு எதற்கு?

கேள்வி: சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா, பழையது ஒன்றை வாங்கினேன். கைப்பேசியின் மைக்ரோ எஸ்டி கார்டு அதில் நுழையவே இல்லை. அதற்கான தனிக் கார்டோ யானை விலை. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கருவியின் அடிப்பக்கத்தில் சிறு மூடிக்குள் இருக்கும் அந்தத் துளை, சோனி வீட்டாவுக்கென்றே வடிவமைத்த கார்டை மட்டுமே ஏற்கும். சோனியின் முந்தைய கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் விளையாட்டுகளின் திருட்டு நகல்கள் பெருகியதால் பாதுகாப்பைக் காரணம் காட்டினார்கள். ஆனால் 2012இல் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த கருவிக்கு 32 ஜிபி கார்டை 100 டாலருக்கு விற்றதைப் பாதுகாப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

உங்களுடையது 2000 வரிசை மாடல் என்றால் உள்ளேயே 1 ஜிபி இடம் உண்டு. விளையாட்டு பதிந்து விற்கப்பட்ட கார்டுகளைப் போட்டு ஆடுபவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். தனிக் கார்டைச் செருகினால் அந்த 1 ஜிபி பயன்படாது என்பதால், 4 ஜிபி கார்டு வாங்குவது வீண் செலவு. பதிவிறக்கி விளையாடுபவர் என்றால் 16 ஜிபி வாங்குங்கள். ஆடி முடித்தவற்றைக் கணினிக்கு மாற்றிவிட்டு, அழித்து, வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம். பணம் கொடுக்கும் முன், கார்டைக் கருவியில் செருகிப் பெரிய கோப்பொன்றை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.