‘பயம்’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தபின், இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். கிரேடு 11-க்கு ஆலன் பேட்டனின் ‘க்ரை, த பிலவ்ட் கன்ட்ரி’ நாவல்தான் செட்வொர்க் (பாடநூல்). “நாவலில் பயம் என்ற கருப்பொருளை விவரி” என்று கட்டுரை கொடுத்தேன். பாதிப் பேர் கதையை அப்படியே எழுதித் தந்துவிட்டார்கள். ஒரு பையனின் ஆங்கிலம் அவ்வளவு அழகு, 25-க்கு 21 போட்டேன். ஒரு பெண் பிழை மலிந்த மொழியில் 300 வார்த்தைதான் எழுதியிருந்தாள், 11 போட்டேன். இன்னொரு பையன் பாட்டியின் கதையை எழுதியிருக்கிறான். என்ன போடுவதென்று தெரியாமல் காலியாக வைத்திருக்கிறேன். திருத்தியதைச் சரிபார்க்கும் மாடரேஷன் செய்த எச்.ஓ.டி (துறைத் தலைவர்) அந்த 21-ஐச் சுழித்து “ஏன்?” என்று எழுதி அனுப்பிவிட்டார். பாயின்ட் பாயின்டாக டிக் போட்டுத் திருத்துவதையே ஊரில் பார்த்து வளர்ந்தவள் நான். மூன்று கட்டுரைகளையும் பெயர் மறைத்து நகலெடுத்து அனுப்புகிறேன். வழி சொல்லுங்கள்.
— சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: தங்கச்சி, மூன்றையும் படித்தேன். அவற்றுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் கொடுத்த கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. “பயம் என்ற கருப்பொருளை விவரி” என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நாவலில் யார் யார் எங்கெங்கே பயந்தார்கள் என்று வரிசையாக எழுதுவார்கள். கதை எழுதித் தந்த பாதி வகுப்பின் பழியில் ஒரு பங்கு கேள்வித்தாளுக்கும் உண்டு. மெட்ரிக் (பள்ளியிறுதித் தேர்வு) பேப்பர் 2-இல், அதாவது இலக்கியத் தாளில், பெரும்பாலும் ஒரு கூற்றைக் கொடுத்து, எந்த அளவுக்கு ஏற்கிறாய் என்று கேட்பார்கள். “இந்த நாவலில் மனிதர்களைப் பிரித்து வைப்பது வெறுப்பைவிடப் பயமே” என்று நீங்களும் கேட்டிருந்தால், ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டும். நின்றால் காரணம் சொல்லவேண்டும். வாதம் அங்கே தொடங்கும்.

பயம் என்பது பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் மட்டும்தான். அதைப் பற்றி இந்த நாவல் என்ன சொல்கிறது என்று மாணவர் கண்டுபிடித்துச் சொல்வதே கருப்பொருள். அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் மதிப்பெண்.

இப்போது அந்த 21. ஹோம் லாங்வேஜ் (தாய்மொழி நிலை) இலக்கியக் கட்டுரைக்கு 25 மதிப்பெண் என்பதும், உள்ளடக்கத்துக்கு 15, அமைப்புக்கும் மொழிக்கும் 10 என்று அது பிரிவதும் உங்களுக்குத் தெரியும். பிரித்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் 21 வந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கட்டுரையில் குமாலோ (நாவலின் நாயகரான கறுப்பினப் போதகர்), அப்சலோம் (அவர் மகன்) என்ற பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். “பயம் ஒரு சமுதாயத்தை உள்ளிருந்து அரிக்கிறது” என்கிறான். நல்ல வாக்கியம்தான், ஆனால் எந்த நாட்டு எந்த நாவலுக்கும் பொருந்தும். நாவலிலிருந்து அவன் எடுத்துக் காட்டுவது ஒன்றே ஒன்று: அப்சலோம் பயந்துபோய்ச் சுட்டான். அந்த வாக்குமூலத்தை யாரிடம் சொன்னான், நீதிமன்றம் அதை எப்படி எடுத்துக்கொண்டது, அதனால் என்ன ஆயிற்று, எதுவும் இல்லை. உள்ளடக்கத்துக்கு 7. மொழிக்கு 9 தாராளமாகக் கொடுக்கலாம். மொத்தம் 16. நன்றாக எழுதப்பட்ட ஆங்கிலம் நம்மை மயக்கும். டர்பனில் எந்த ஸ்டாஃப்ரூமிலும் இந்த மயக்கம் உண்டு. நம் வீடுகளில் ஆங்கிலத்தை அந்தஸ்தாகவே வளர்த்துவிட்டோம், அதன் பலன் இது.

அந்தப் பெண்ணின் கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை, காலம் மாறும் வினைகள், முடியாத வாக்கியங்கள், எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவள் கண்டதைப் பாருங்கள். அப்சலோம் பயத்தில் சுடுகிறான். அவன் சுட்ட வெள்ளையர் ஆர்தர் ஜார்விஸ் இறந்தபிறகு ஜோகன்னஸ்பர்க் வெள்ளையர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள்: இன்னும் போலீஸ் வேண்டும், இன்னும் பிரித்து வைக்கவேண்டும் என்று. அதுவும் பயம்தான் என்கிறாள். ஒரு பயம் தூக்குமேடைக்குப் போகிறது, மற்றது சட்டமாகிறது, இரண்டில் ஒன்றுக்குத்தான் நீதிமன்றம் பெயர் வைக்கிறது என்று முடிக்கிறாள். போதாததற்கு, கொள்ளையடிக்க உடன் போன இருவரும் மறுத்துத் தப்பித்துக்கொள்ள, உண்மையைச் சொன்னவனுக்குத் தூக்கு என்பதையும் சேர்த்திருக்கிறாள். பதினாறு, பதினேழு வயதில் இது சாதாரணமா? உள்ளடக்கத்துக்கு 11 போடுவேன். 12-ஐத் தொட்டால் மதிப்பெண் அட்டவணையின் மேல்படி, ஆனால் அவள் வாதம் நீதிமன்றத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் பாகத்தில் ஆர்தரின் அப்பா ஜார்விஸும் குமாலோவும் ஒருவர் முன் ஒருவர் நிற்கும்போது பயம் என்ன ஆகிறது என்ற கேள்வியை அவள் தொடவே இல்லை. 400 முதல் 450 வார்த்தை எழுதவேண்டிய இடத்தில் 300-இல் நிறுத்தினால் இப்படித்தான் ஏதாவது விடுபடும். மொழிக்கு 4. மொத்தம் 15.

ஆமாம், கூட்டிப் பார்த்தால் பையன் இன்னும் ஒரு மதிப்பெண் மேலேதான் நிற்கிறான். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு கட்டத்திலிருந்து எடுத்து இன்னொரு கட்டத்தில் போடக்கூடாது. அவள் சிந்தனையை மெச்சி மொழியில் 6 போட்டால் அடுத்த வருஷம் மெட்ரிக்கில் திருத்துகிறவர் அப்படிப் போடமாட்டார், ஏமாறுவது அவள்தான். கட்டுரையின் அடியில் “உள்ளடக்கம் 11, இது வகுப்பிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று” என்று எழுதிக் கொடுங்கள். பிழைகளில் இரண்டு வகையை மட்டும் குறியுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக்கினால் அவள் முதலில் பார்ப்பதும் கடைசியில் நினைவில் வைப்பதும் அந்தச் சிவப்பைத்தான்.

பாட்டிக் கட்டுரை கொஞ்சம் சிக்கல். டர்பன் நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்த பாட்டி, நகரசபையில் வேலை செய்த தாத்தா, 1960-களில் சாமான்களோடு சாட்ஸ்வொர்த் வந்து இறங்கியது என்று முக்கால் பக்கம் ஓடுகிறது. சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கதை உண்டு என்பதால் நமக்குத் தொண்டை அடைக்கும். அதற்கு மதிப்பெண் இல்லை. அதோடு ஒரு தவறும் இருக்கிறது: குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைப் பேட்டன் கண்டிக்கிறார் என்கிறான். நாவல் வெளிவந்தது 1948-இன் தொடக்கத்தில். அபார்ட்ஹைட் (நிறவெறி) ஆட்சியைக் கொண்டுவந்த நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்தது அதே ஆண்டு மே மாதம், அந்தச் சட்டம் 1950. பேட்டன் காட்டும் நிலப் பறிப்பின் வேர், பெரும்பாலான பகுதிகளில் கறுப்பர் நிலம் வாங்குவதைத் தடுத்த 1913 நிலச் சட்டத்தில் இருக்கிறது. அபார்ட்ஹைட் என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் அதிகம். அதை இப்போதே திருத்துங்கள்.

ஆனால் கடைசிப் பத்தியை நீங்கள் கவனித்தீர்களா? இக்ஸோப்போ என்ற ஊரிலிருந்து மலைக்கு ஏறும் சாலையின் வர்ணனையோடு நாவல் தொடங்குகிறது, இரண்டாம் பாகமும் அதே வர்ணனையோடு தொடங்குகிறது என்று அவன் பார்த்திருக்கிறான். முதல் முறை கண் கீழே பள்ளத்தாக்குக்கு, புல் அழிந்து சிவந்த மண்ணுக்கு இறங்குகிறது. இரண்டாம் முறை மேலேயே ஜார்விஸின் பண்ணையில் நின்றுவிடுகிறது. மேலே இருப்பவர்கள் கீழே பார்க்கப் பயப்படுகிறார்கள் என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டான். அந்த ஆறு வரியில்தான் கட்டுரை இருக்கிறது. அதற்காக 7 போடுங்கள், மொழிக்கு 6, ஆக 13. கூப்பிட்டு, “இந்தப் பத்தியை முதல் பத்தியாக வைத்துத் திரும்ப எழுது” என்று சொல்லுங்கள். பாட்டியை விட்டுவிடச் சொல்லாதீர்கள். எழுத்துத் தாளான பேப்பர் 3-இல் 50 மதிப்பெண் கட்டுரை இருக்கிறதே, பாட்டி அங்கே வரட்டும்.

கதை எழுதியவர்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். “பிறகு குமாலோ ஜோகன்னஸ்பர்க் போனார்”, “அங்கே தங்கை கெர்ட்ரூடைக் கண்டார்” என்று போனால் அது கதைச் சுருக்கம், சம்பவங்கள் சரியாக இருந்தாலும் உள்ளடக்கத்தில் 4, 5-ஐத் தாண்டாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருத்து எட்டிப் பார்த்தால் 6 கொடுக்கலாம். ஓரத்தில் பெரிய விமர்சனம் வேண்டாம், “சரி, அதனால்?” என்று எழுதினால் போதும்.

டிக் போடும் பழக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மெமோவில் (விடைக்குறிப்பில்) பாயின்ட்கள் இருக்கும்தான். ஆனால் அவை வழிகாட்டி மட்டுமே, வேறுவிதமான, சொந்தச் சிந்தனையுள்ள பதிலையும் ஏற்கவேண்டும் என்று மெமோவே சொல்கிறது. ஜார்விஸ் குமாலோவின் ஊர்க் குழந்தைகளுக்குப் பால் அனுப்புவதும் அணை கட்ட ஏற்பாடு செய்வதும் தர்மம்தானே தவிர நீதி இல்லை என்று யாராவது எழுதினால், நாவலையே குறை சொல்கிறான் என்று குறைத்துவிடாதீர்கள். ஊருக்கு வரும் இளம் விவசாய ஆலோசகர் குமாலோவிடம் ஏறத்தாழ அதைத்தான் பேசுகிறார். அந்தப் பேச்சை எடுத்துக் காட்டியிருந்தால் 12-க்கு மேல் போடத் தயங்கவேண்டாம். காட்டாமல் கோபம் மட்டும் இருந்தால் வேறு விஷயம்.

திருத்தும் முறையிலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். பேனாவைத் தொடாமல் முதலில் ஐந்தாறு கட்டுரைகளைப் படியுங்கள். பெயரை மடித்து மறையுங்கள். எல்லோருக்கும் உள்ளடக்கத்தைப் போட்டு முடித்துவிட்டு, மறுசுற்றில் மொழிக்கு வாருங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் மயக்கம் பெருமளவு தெளியும். இரவு பத்து மணிக்குமேல் திருத்தியவற்றை மட்டும் மறுநாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள்.

அந்த 21 பையனின் கட்டுரை ஸ்டடி கைடிலிருந்தோ ஏஐ-யிலிருந்தோ வந்ததா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். குற்றம் சாட்டாமல் ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, “பயம் அரிக்கிறது என்றாயே, எந்தக் காட்சியில் பார்த்தாய்?” என்று கேளுங்கள். வாயால் சொன்னான் என்றால் அதையே எழுதிவரச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றாலும் மதிப்பெண் 16-தான், ஆதாரம் இல்லாமல் அதற்குமேல் குறைக்க வழி இல்லை. பெற்றோர் வந்து 21 எப்படி 16 ஆயிற்று என்று கேட்டால், 7-ஐயும் 9-ஐயும் தனித்தனியாகக் காட்டி, 7-க்குப் பக்கத்தில் எந்தக் காட்சி விடுபட்டது என்று எழுதி வையுங்கள்.