ஸ்பிங்ஸ் வைத்த கறுப்புக்கல் பிரெஞ்சுக் கடிகாரம்: நெப்போலியன் காலத்ததா?

கறுப்புக்கல் பெட்டி, மேலே படுத்திருக்கும் ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்திய உருவம்), முகப்பில் பொன் தீட்டிய சித்திர எழுத்துகள், இருபக்கமும் கூம்புத் தூண். நெப்போலியன் எகிப்துக்குப் போன காலத்துக் கடிகாரம் என்று கடைக்காரர் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் 1870களில், கொஞ்சம் முன்பின்னாக, செய்ததாக இருக்கும். நெப்போலியன் படையெடுத்தது 1798-ல். அதையொட்டி பிரான்சில் எகிப்து மோகம் கிளம்பியது உண்மைதான். ஆனால் அந்தத் தலைமுறையின் கணப்பு மாடக் கடிகாரங்கள் (குளிர்காயும் அடுப்புக்கு மேலுள்ள மாடத்தில் வைப்பவை) பெரும்பாலும் பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் இருக்கும். கறுப்புக்கல் பரவியது 1850க்குப் பிறகு. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓர் எகிப்தியக் கோயிலையே கட்டி வைத்தார்கள். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. மோகம் மறுபடி ஏறியது, உங்கள் ஸ்பிங்ஸ் அந்த அலையில் வந்தது.

சித்திர எழுத்துகளில் ரகசியம் ஏதாவது இருக்குமோ என்று தேட வேண்டாம். 1822-லேயே பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் அவற்றைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கல்லில் செதுக்கியவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை? ஒரு பறவை, ஒரு கண், பார்க்க நன்றாக இருந்தால் சரி. அவ்வளவு எகிப்துக்கும் நடுவில் டயலில் பெரும்பாலும் ரோமன் எண்கள்தான் இருக்கும். எனக்கு இந்தக் கடிகாரங்களைப் பிடிப்பதே இந்தக் கூச்சமில்லாத கலப்படத்துக்காகத்தான்.

வயது தெரிய வேண்டுமானால் முன்பக்கத்தை விடுங்கள், பின்கதவைத் திறந்து பாருங்கள். பித்தளைத் தகட்டில் வட்ட முத்திரை இருக்கலாம். ஜாப்பி ஃப்ரேர், எஸ். மார்ட்டி, வின்சென்ட்டி ஆகியவை அடிக்கடி காணும் பெயர்கள். இவர்கள் எந்திரம் செய்தவர்கள். டயலில் இருப்பது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். முத்திரையில் கண்காட்சிப் பதக்கத்தின் ஆண்டும் இருந்தால், எந்திரம் அதற்குப் பிறகு செய்தது என்று மட்டும் கொள்ளலாம். 1889 என்று இருந்தால் கடைக்காரரின் நெப்போலியன் கதை அங்கேயே முடிந்தது.

முத்திரைக்குக் கீழே வரிசை எண் இருக்கும். பெண்டுலத்தைக் கழற்றி அதன் பின்புறம் பாருங்கள், அதே எண் இருந்தால் இரண்டும் பிறவியிலிருந்தே ஜோடி. சிலவற்றில் தனியாக "4 8" என்பது போல இரண்டு சின்ன எண்களும் இருக்கும். அது பெண்டுலத்தின் நீளம், 4 பழைய பிரெஞ்சு அங்குலமும் 8 வரியும். ஓர் அங்குலத்துக்கு 12 வரி. மீட்டர் அளவை உலகத்துக்கே கொடுத்த நாட்டில் கடிகாரக்காரர்கள் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பழைய அங்குலத்தை விடவில்லை!

ஸ்பிங்ஸ் வெண்கலம்தானா என்பதையும் பாருங்கள். அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகக் கீறினால் வெண்கலம் மஞ்சளாகத் தெரியும். சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாக வார்ப்பு, விலையைக் குறைத்துக் கேட்கலாம். எந்திரம் முழுதாக இருந்து, கல்லின் முனைகள் உடையாமல் இருந்தால் நான் வாங்குவேன். பொன் மங்கியிருப்பது ஒரு குறையே இல்லை, அதன் மேல் புதுப்பூச்சு அடித்திருந்தால்தான் யோசிப்பேன்.

வாங்கினால் சில விஷயங்கள். தூக்குவதற்கு முன் பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தொங்கும் மெல்லிய எஃகுப் பட்டை முறிந்துவிடும். கடைகளில் அந்தக் கல்லைப் பளிங்கு என்பார்கள், உண்மையில் பெல்ஜியத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல். ஆகவே புளி, எலுமிச்சை பக்கமே போகாதீர்கள், மெருகு போய்ச் சாம்பல் பூத்துவிடும். வேகம் சரிசெய்யப் பெண்டுலத்தைத் தொட வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றில் 12-க்கு மேலே சின்னத் துளை இருக்கும், சாவியின் மெல்லிய முனை அதற்குத்தான். பின்தகட்டுக்கு வெளியே, விளிம்பில் வெட்டுகள் கொண்ட சக்கரம் தெரிகிறதா? எத்தனை மணி அடிக்க வேண்டும் என்று வரிசையாக எண்ணுவது அதுதான், முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அப்படியானால் முள்ளைத் திருப்பும்போது ஒவ்வொரு அரைமணியிலும் நிறுத்தி, அடித்து முடிக்க விடுங்கள். அவசரப்பட்டால் முள் மூன்றைக் காட்டும், மணி ஐந்து அடிக்கும்.